ஏழாம் நம்பர் மலையில் கப்பல் நாள்

"நீ இன்னுமா அங்க நிக்கிற?"

"நிக்காம என்ன செய்ய ஆயி? ரயில் வரலயே," என்றாள் அம்மா போனில்.

"ஒனக்கும் ரயிலுக்கும் என்னம்மா? பஸ்ஸுல போன்னுதானே காலையில சொன்னேன்."

"ரயில்ல போறதுக்கா நிக்கிறேன்? ரயில்ல வாறவங்க பாக்கணும்னு நிக்கிறேன். இருவது பேரு. ஏழாம் நம்பர் மலையில."

"ஏழாம் நம்பர்ல வியாழக்கிழமதானே கொழுந்து எடுத்தீங்க?"

"ஆமா. இப்ப என்ன இருக்கு எடுக்க, வெறுங்குச்சி. எடுக்குற மாதிரி கைய ஆட்டிக்கிட்டு இருக்கணுமாம். ரயில் வந்ததும் நிமிந்து டாட்டா காட்டணுமாம். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுலயே சொல்லிட்டாங்க, இன்னிக்குக் கப்பல் நாளுன்னு."

"கிளினிக்கு?"

"ரயில் போனதும் விடுறேன்னாரு கணக்குப்பிள்ள."

"பன்னெண்டு மணி வரைக்குந்தான் நம்பர் குடுப்பாங்கம்மா! இன்னிக்குக் கண்ண அளவெடுத்தாத்தான் அடுத்த செவ்வாக்கிழம ஆபரேஷன். தெரியுந்தானே? நீ பாட்டுக்கு ரோட்டுக்கு ஏறி வந்துரு."

"படி எங்க தெரியுது எனக்கு? எல்லாம் பால ஊத்தின மாதிரி இருக்கு. இராக்கம்மா கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறேன்னா, அவளயும் விட மாட்டேங்கிறாங்க. ரெண்டு பேர் கொறஞ்சா வரிச பொக்கையா தெரியுமாம்." அம்மா சிரித்தாள். பிறகு கேட்டாள்: "நீ எந்தப் பெட்டியில வாற?"

"ஏன்?"

"சும்மாதான். சொன்னாலும் எனக்குத் தெரியவா போவுது? எல்லாப் பெட்டிக்கும் கையாட்டுறேன். ஏதாவது ஒண்ணுல நீ இருப்பதானே."

போனை வைத்துவிட்டாள். எல்ல ஸ்டேஷன் மணிக்கூட்டில் பத்து இருபது. பத்தே காலுக்கு வரவேண்டிய ரயில் இன்னும் தியத்தலாவைக்கு அந்தப் பக்கம் நின்றது. தண்டவாளத்தில் மரம் விழுந்திருந்ததாம், அறுத்துக்கொண்டிருக்கிறார்களாம். பிளாட்பாரம் முழுக்க வெள்ளைக்காரர்கள் முதுகுப் பைகளைத் தரையில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னுடைய இரண்டு பேர், வெர்னரும் லோட்டேயும், பெஞ்சின் ஓரத்தில் ஒரு வாழைப்பழத்தைப் பாதியாக்கித் தின்றுகொண்டிருந்தார்கள்.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குக் கப்பல் வரும் நாட்களில் இதுதான் என் வேலை. அதிகாலை ஆறு மணிக்கு வந்து கட்டும் கப்பல், மாலை ஐந்து மணிக்கு ஏணியை எடுத்துவிடும். பிறகு யாருக்காகவும் நிற்காது. கப்பல்காரர்களே பஸ் வைத்து யானை பார்க்கக் கூட்டிப்போவார்கள். அந்தக் கூட்டத்தோடு போகப் பிடிக்காத சிலர், தாங்களாகவே ரயில் ஏறி மலையைப் பார்க்க ஆசைப்படுவார்கள். அவர்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். எந்த ரயில், எந்தப் பக்க ஜன்னல், எங்கே கையை உள்ளே இழுக்கவேண்டும் எல்லாம் எழுதியிருப்பேன். நான் நானா என்று கூப்பிடும் பதுளை றுஷ்தி அண்ணனின் வான் வண்டியில் எல்ல வரை ஏற்றிவருவோம். எல்லயிலிருந்து பதுளைக்கு ரயில். நானா வெறும் வானோடு முன்னால் போய்ப் பதுளையில் காத்திருப்பார். அங்கிருந்து நேரே துறைமுகம்.

அந்தப் பாதையில்தான் எங்கள் கல்மேட்டுத் தோட்டம். தெமோதரைக்கு முன்னால் ரயில் ஒரு வளைவில் வேகம் குறைத்து ஊரும். கைக்கெட்டும் தூரத்தில் ஏழாம் நம்பர் மலை.

இரண்டு வருடங்களுக்கு முன் நான் முதன்முதலாக ஆட்களைக் கூட்டிவந்த அன்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அம்மா இராக்கம்மாவிடம் கொழுந்து பறிக்கும் நிரையை மாற்றிக்கொண்டு தண்டவாளத்து ஓரத்துக்கு வந்து நின்றிருந்தாள். நைலோன் பையும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக, சேறு பட்ட கையைத் தூக்கி ஆட்டினாள். நான் ஸ்கூலுக்குப் போகும்போது ஆட்டின அதே கை. நான் படமெடுத்தேன். 'இது என் அம்மா விஜயலெட்சுமி' என்று எழுதி என் இணையப் பக்கத்தில் போட்டேன். எத்தனையோ நாட்டு ஆட்கள் அதைப் பார்த்தார்கள். ஒரு வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வருடம் கப்பலில் ஒவ்வொரு நாளும் கொடுக்கும் தாளிலேயே அச்சடித்துவிட்டார்கள்: 'இடது பக்க ஜன்னலில் இருங்கள், தேயிலைப் பெண்கள் கையசைப்பார்கள்.' தோட்டத்தில் ரோட்டோரமாகத் தேநீர்க் கடை கட்டி, தோட்டத்து வாசலில் வாகனங்களை மறிக்கச் சங்கிலி போட்டார்கள். என் பக்கத்திலிருந்த கப்பல் திகதிகளைப் பார்த்து எழுதிப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டினார்கள். அன்றைக்கு நைலோன் பை கூடாது, பிரம்புக் கூடை. ஸ்டோரிலிருந்து ஒரே மாதிரி சிவப்புச் சேலை கொடுத்து, அந்திக்குத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். துளிர் இருக்கிறதோ இல்லையோ ஏழாம் நம்பர்தான். பின்னேரம் நிறுக்கும்போது மட்டும் கொழுந்து போதவில்லையென்று அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம்தான் கொடுப்பார்கள்.

அம்மா இதையெல்லாம் ஒரு குறையாக என்னிடம் சொன்னதேயில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவள் பார்வை மங்கியதும் அப்படித்தான். ஒரு நாள் தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள், அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

"தோட்டத்துக்குப் போங்க நானா," என்று றுஷ்தி நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் தெமோதரைப் பக்கம் போயிருந்தார். "அம்மாவ ஏத்திட்டுப் போய் ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் பிறகு ஸ்டேஷனுக்கு வாங்க."

பத்து நிமிடத்தில் திருப்பி எடுத்தார்.

"தங்கச்சி, நான் கேட்டடியில ஈக்கிறன். வாச்சர் சங்கிலிய எறக்க மாட்டானாம். வெளி வாகனத்துக்கு பர்மிட் வேணுமாம். நான் சொன்னன், 'அடே, ஒரு கண்ணு தெரியாத மனிசிய ஏத்தத்தான்டா வந்த' எண்டு. அவன் வானுக்குள்ள எட்டிப் பாக்கிறான். 'வெள்ளக்காரங்க இல்லியா?' எண்டு கேக்கிறான். 'இருந்தா எறக்குவியா?' எண்டன். 'அது ஓடரு நானா, அவங்க வந்தா உடனே எறக்கணும்' எண்டு சொல்றான். நான் மாவப் பூசிட்டு வரவா, சொல்லுங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்குப்பிள்ளை ரமேஸுக்கு எடுத்தேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். ஸ்கூலில் என்னைவிட மூன்று வகுப்பு மேல். அவனுடைய அம்மாவும் இதே மலையில் கொழுந்து பறித்தவள்.

"ரமேஸ் அண்ணா, அம்மாவ விடுங்க. கிளினிக் இருக்கு. போன கெழமையே கிளினிக் துண்டு காட்டினாங்கதானே?"

"நான் எப்ப விட மாட்டேன்னேன்? ரயில் போகட்டும். பிறகு லொறியிலயே ஏத்தி அனுப்புறேன்."

"ரயில் எப்ப வருதுன்னே தெரியாது. லொறி பெக்டரிக்குப் போயி எறக்கிட்டுத்தானே பதுளைக்குப் போகும்? பன்னெண்டு தாண்டிரும்."

"அதுக்கு நான் என்ன செய்ய? மரத்த நானா தள்ளி விட்டேன்?"

"ஒரு ஆள் கொறஞ்சா என்ன ஆகப்போகுது?"

"ஒன்னோட அம்மா கொறஞ்சாத்தான் பிரச்சினையே. அவங்களத்தான் எல்லாரும் தேடுறாங்க. போன தடவ ஒரு வெள்ளக்காரி போன்ல அவங்க படத்தக் காட்டிக் கேட்டுச்சு, எங்க இந்தம்மான்னு. தோட்டத்துத் தொர பக்கத்துலதான் நின்னாரு. அந்தப் படத்தப் போட்டது நானா? நீதானே போட்ட?"

அவன் கொஞ்சம் குரலை இறக்கினான்.

"இங்க பாரு, எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க. வேணும்னா ஒன்னோட ஆளுங்களக் கூட்டிட்டு உள்ள வா. அவங்க கேட்டா நான் என்ன மறுக்கவா போறேன்? வேற யாரு கேட்டு விட்டாலும் மேல உள்ளவங்க எம்மேல பாய்வாங்க."

"பெத்த மக கேட்டா விட மாட்டீங்க. ஊர் பேர் தெரியாத யாரோ வந்து கேட்டா விடுவீங்க. அப்படித்தானே, கணக்குப்பிள்ள ஐயா?"

"ஐயா எல்லாம் எதுக்கு இப்ப?" என்றான் அவன். நான் துண்டித்துவிட்டேன்.

யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. சங்கிலிக்காரனையா, ரமேஸையா, தாளில் அச்சடித்தவனையா? சந்தோஷத்தில் தூங்காமல் கிடந்த என்னையும் அந்த வரிசையில்தான் நிறுத்த வேண்டும். அம்மா எனக்கு ஆட்டின கையை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்தவள் நான்தானே.

"நானா, வான எடுத்துக்கிட்டுத் திரும்பி எல்ல ஸ்டேஷனுக்கே வாங்க," என்றேன்.

"அங்கயா? என்னத்துக்கு?"

"வாங்களேன்."

பெஞ்சுக்குத் திரும்பிப் போனேன். வெர்னர் தன் சின்னக் கொப்பியைத் திறந்து வைத்திருந்தார். நாற்பது வருடம் அவருடைய ஊரில் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். தெமோதரையில் ரயில் சுற்றி வந்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும் அந்த வளையத்தைப் பென்சிலால் வரைந்திருந்தார். பதினொரு வருடங்களாக இதைப் பார்க்க ஆசையாம். அடுத்த மாதம் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை. இனி இவ்வளவு தூரம் வர முடியாது என்று வானிலேயே சொல்லியிருந்தார். லோட்டே அவரை அடிக்கடி பார்த்துச் சிரித்துக்கொண்டேயிருந்தார்.

"கவலைப்படாதே ஜெயந்தினி," என்றார் வெர்னர். "நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டுக்குள் ரயில் வந்தால் ஒரு மணிக்குப் பதுளை. நாலரைக்குக் கப்பல். அரை மணி நேரம் மிச்சம்."

"அந்தப் பெண்கள் இன்றைக்கும் நிற்பார்களா?" என்று கேட்டார் லோட்டே. "உன் அம்மா?"

"நிற்கிறார்கள்," என்றேன்.

"இவ்வளவு நேரமாகவா? எங்களுக்காகவா?" லோட்டே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எவ்வளவு அன்பான மனிதர்கள்!"

அன்பு! உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தச் சொல்லை அவருடைய வாயிலிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது. அந்த அன்பைப் பற்றி என் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதி அவரை நம்பவைத்ததும் நான்தான். கூட்டத்தோடு போகாதீர்கள், தனியாக வாருங்கள், உண்மையான மனிதர்களைப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன்.

பதினொன்று ஐந்துக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. மரத்தை எடுத்துவிட்டார்கள். ரயில் பண்டாரவளையிலிருந்து புறப்பட்டுவிட்டது. இன்னும் அரை மணியில் எல்லவுக்கு வரும். பிளாட்பாரமே கைதட்டியது. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லாரும் கோட்டோரம் போய் நின்றார்கள். வெர்னர் கொப்பியைச் சட்டைப் பையில் வைத்து எழுந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, இடது பக்க ஜன்னலுக்கு எங்கே நின்றால் சரி என்று என்னைக் கேட்டார்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஹோர்ன் இரண்டு தடவை அடித்தது. நானாவின் வான்.

மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இப்போதே புறப்பட்டால் பதினைந்து நிமிடத்தில் சங்கிலி. இவர்கள் இரண்டு பேரின் முகம் ஜன்னலில் தெரிந்தால் அது தானாக இறங்கும். அம்மாவை ஏற்றிக்கொண்டு பறந்தால் பன்னிரண்டுக்கு முன்னால் பதுளை. பிறகு இவர்களைக் கப்பலில் கொண்டுபோய் விட நேரம் தாராளமாக இருக்கும். கப்பல் தவறாது. நடுவில் தெமோதரை ஸ்டேஷனுக்கு வளைந்துபோக நேரமில்லை, ரயில்தான் தவறும். பென்சிலால் வரைந்த அந்த வளையமும்.

ரயிலுக்கே நின்றால், பதினொன்றே முக்காலுக்கு ஏழாம் நம்பரைத் தாண்டுவோம். சிவப்புச் சேலையோடு அம்மா ஒவ்வொரு பெட்டிக்கும் கையாட்டுவாள்.

"இடது பக்கம் எது, ஜெயந்தினி?" வெர்னர் மறுபடி கேட்டார்.

"நில்லுங்கள்," என்றேன். அவருடைய பாஷையும் இல்லாத, என்னுடைய பாஷையும் இல்லாத அந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். பறிக்க ஒன்றுமில்லாத செடி, திருப்பி வாங்கும் சேலை, பால் ஊற்றின கண், பன்னிரண்டு மணி, சங்கிலி. எதையும் மென்மையாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோட்டேயின் கை மெல்ல நெஞ்சிலிருந்து இறங்கியது. வெர்னர் தண்டவாளம் வரும் திசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், திரும்பவும் தண்டவாளத்தைப் பார்த்தார். அவருடைய விரல் சட்டைப் பையிலிருந்த கொப்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வெளியே மூன்றாவது தடவையாக ஹோர்ன் அடித்தது.

"என் அம்மா உங்களுக்காகத்தான் ஒரு மணி நேரமாக நிற்கிறாள்," என்றேன். "இந்த ரயிலை விட்டுவிட்டு, இப்போதே என்னோடு வந்து வானில் ஏறுவீர்களா?"