கைப்பிடி வைத்த நாற்காலி

மூன்றாவது தலையணையும் நழுவி விழுந்தபோது அம்மா சிரித்தாள். சிரிக்க மூச்சு போதவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"விடுடி. அதுக்கும் என்னைத் தாங்கித் தாங்கி அலுத்துப்போச்சு."

மகள் தலையணையை எடுத்து, தட்டி, மறுபடியும் முதுகுக்குப் பின்னால் திணித்தாள். கட்டிலின் தலைமாட்டில் வெறும் கம்பிகள்தான். அவற்றின் இடுக்கில் தலையணை பின்பக்கமாக நழுவிக்கொண்டே இருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் சொல்லியிருந்தார். படுக்கவைக்காதீர்கள், படுத்தால் மூச்சு அடைக்கும். முதுகுக்குச் சாய்மானம், கைக்குப் பிடிமானம், அவ்வளவு இருந்தால் போதும், கடைசி நேரம் சிரமமில்லாமல் கழியும்.

நேற்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து பார்த்தார்கள். அம்மா அதில் வழுக்கிக்கொண்டே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திறந்திருந்த கதவு வழியே சாப்பாட்டு மேசை தெரிந்தது. சுற்றிலும் முக்காலிகள். மேசையின் தலைப்பக்கம் மட்டும் ஒரு நாற்காலி. உயரமான சாய்வு, அகலமான கைப்பிடிகள், முதுகின் வளைவு பார்த்து இழைத்த பலகை. காலையிலிருந்து அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

அது ஆண்டவருடைய நாற்காலி.

அப்பா தச்சர். குடியை விட்ட வருடம், முதன்முதலாகச் சொந்தக் காசில் வாங்கிய நல்ல மரத்தில் அவர் செய்தது அது. இந்த வீட்டில் முதல் இடம் அவருக்கு, அப்புறம்தான் நாம் என்று சொல்லி, மேசையின் தலைப்பக்கம் போட்டு, முழங்காலில் நின்று ஜெபித்தார். அன்றிலிருந்து யாரும் அதில் உட்காரக் கூடாது என்றானது. பட்டறையில் செய்த மற்ற நாற்காலிகளெல்லாம் விலைக்குப் போயின. வெட்டி மிஞ்சிய கட்டைகள் வீட்டுக்கு முக்காலிகளாக வந்தன. சாப்பிடும் நேரத்தில் முதல் தட்டு அந்த நாற்காலிக்கு முன்னால் வைக்கப்படும். ஜெபம் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறிப்போன அந்தச் சாப்பாட்டை அப்பா சாப்பிடுவார். தட்டு கழுவும்போது அம்மா முணுமுணுப்பாள்: "மூத்த விருந்தாளி. ஒரு நாளாவது வந்து உக்காந்து, உப்பு கம்மின்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்ன."

சின்ன வயதில் மகள் ஒருமுறை அதில் ஏறிச் சுருண்டு தூங்கிவிட்டாள். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவளைத் தூக்கி இறக்கி, தன் சட்டையைக் கழற்றிப் பலகையைத் துடைத்து, அதன் முன்னால் முழங்காலிட்டார். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. அம்மா தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள். அதற்கு அடுத்த நாள் பட்டறையில் மயங்கி விழுந்தார். ரம்பத்தில் கை பட்டு ஒரு விரல் நுனி போயிற்று. அவர் அடித்திருந்தால் அவள் இன்னொரு தடவை ஏறியிருப்பாள்.

அம்மாவின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியதும் அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. அந்த நாற்காலியில கொஞ்ச நேரம் உக்கார வெச்சா..."

மறுமுனையில் மரம் இழைக்கும் இழைப்புளியின் சத்தம் நின்றது.

"எந்த நாற்காலி?"

தெரியாமல் கேட்கவில்லை.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கச் சொல்றியாம்மா? சாக்கடையோரம் கெடந்தவனைத் தூக்கி நிறுத்தினவரு. அவருக்குன்னு இந்த வீட்டுல இருக்கறது அது ஒண்ணுதான்." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "உங்கம்மாவுக்குன்னே ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்கேன். அதே சாய்வு, அதே கைப்பிடி. சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு. நானும் ஜெபம் பண்ணிக்கிட்டேதான் வேலை செய்யறேன்."

இழைப்புளி மறுபடி ஓடத் தொடங்கியது. போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"என்ன சொல்றாரு உங்கப்பா?"

"உனக்குன்னு ஒண்ணு செய்யறாராம்."

"அடேயப்பா." அம்மா இரண்டு மூச்சுக்குக் காத்திருந்தாள். "இத்தனை வருஷத்துல எனக்கு முதல் உருப்படி."

மதியம் தாண்டியது. ஒவ்வொரு மூச்சையும் அம்மா ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள், கிணற்றில் விழுந்த வாளியை இழுப்பதைப் போல. மகள் எழுந்து போய் அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். தூசி இல்லை. அம்மாவே தினமும் துடைத்த நாற்காலி. திரும்பி வந்து அம்மாவின் கக்கத்தில் கை கொடுத்தாள்.

"எழுந்திரும்மா. நடக்கறது நடக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

அம்மாவின் பாதங்கள் தரையைத் தொட்டன. கண்ணில் ஒரு குழந்தையின் ஆசை வந்தது. ஓர் அடி எடுத்தும் வைத்தாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அந்த மனுஷன் சாப்பிட மாட்டாரேடி."

"சாப்பிடாட்டிப் போகட்டும்."

"நான் இருந்தா கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு வாய் ஊட்டிடுவேன். நான் போனப்புறம் யாரு கெஞ்சுவா? நீ கெஞ்சுவியா?"

அவள் வாயைத் திறந்தாள். அப்பாவின் வளைந்த முதுகும், துணி சுற்றிய விரலும் கண்முன் வந்தன. கெஞ்சுவேன் என்ற ஒரு வார்த்தை போதும். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டில்லயே உக்கார வெச்சிடு," என்றாள் அம்மா.

மகள் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, தானும் ஏறி, அம்மாவின் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து உட்கார்ந்தாள். கால்களைத் தலைமாட்டுக் கம்பியில் ஊன்றிக்கொண்டாள். அம்மா மெல்லப் பின்னால் சாய்ந்தாள்.

"ஐயோ, இது நல்லா இருக்கே. கைப்பிடிதான் இல்ல."

அவள் இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினாள். அம்மா பிடித்துக்கொண்டாள். இனி அம்மாவின் முகம் தெரியாது. மூச்சு மட்டும் முதுகில் ஏறி இறங்கியது. அம்மாவின் வியர்வை அவள் சட்டையை நனைத்தது.

வெயில் ஜன்னல் வழியே வந்து சுவரில் விழுந்தது.

"நான் அதுல உக்காந்திருக்கேன்," என்றாள் அம்மா.

"எதுல?"

"அதுலதான். நீ வயித்துல இருக்கறப்ப. நிறைமாசம், முதுகு விண்விண்ணுன்னு தெறிக்குது. அவரு பட்டறைக்குப் போயிருந்தாரு. கொஞ்ச நேரம்... சாஞ்சு உக்காந்தேன். அப்புறம் துடைச்சு வெச்சிட்டேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"உங்கப்பாவா? அவருக்குத் தெரியாது."

"அவரு இல்ல. அவரு."

முதுகில் ஒரு சின்னக் குலுங்கல். "ஒண்ணும் சொல்லலடி. நல்லாத்தான் தூங்கினேன்."

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. முதுகில் பாரம் கூடிக்கொண்டே போனது. ஏறி இறங்கிக்கொண்டிருப்பது தன் மூச்சு மட்டும்தான் என்று அவளுக்கு எப்போது தெரிந்ததோ, அவளாலேயே சொல்ல முடியாது. தெரிந்த பிறகும் அவள் அசையவில்லை. அவள் நகர்ந்தால் அம்மா மல்லாந்துவிடுவாள். படுக்கவைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

வாசலில் மரம் இடிபடும் சத்தம் கேட்டது. அப்பா நாற்காலியைத் தலைகீழாகத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். தலைமயிரெல்லாம் மரத்தூள். நாற்காலியின் கால்களைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்.

"கொண்டாந்துட்டேன்," என்றார் மூச்சிரைக்க. "பசைதான் இன்னும் காயல. இன்னைக்கு உக்கார வேணாம், ஆடிப்போயிடும். நாளைக்குக் காலையில தாராளமா..."

மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் வீடு நிறைந்துவிட்டது. அம்மா நடுவில் நன்றாக நீட்டிப் படுத்திருந்தாள். புது நாற்காலி கயிறு அவிழ்க்காமல் மூலையில் நின்றது. அப்பா அதன் பக்கம் திரும்பவில்லை. வந்தவர்களிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசி வரைக்கும் ஒரு முறுமுறுப்பு இல்ல. ஆண்டவரோட பொருள் மேல கை வைக்காமலே போயிட்டா." கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

போதகர் வந்தபோது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வர முடிந்தது. கனத்த உடம்பு, மூன்று மாடி ஏறியிருந்தார். முக்காலிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சுற்றிலும் பார்த்தார். பிறகு மேசையருகே போய், அந்த நாற்காலியை இரண்டு கைகளாலும் தூக்கி வந்து, அம்மாவின் கால்மாட்டில் போட்டுத் துண்டால் துடைத்தார்.

"உக்காருங்க ஐயா."

"அப்பா," என்றாள் மகள்.

அவர் அவளருகே குனிந்தார். "அவரோட ஊழியக்காரரும்மா. அவரே வந்த மாதிரி."

போதகருக்கு ஒன்றும் தெரியாது. கைப்பிடிகளைப் பிடித்து, மெல்ல இறங்கி, முதுகு முழுவதையும் சாய்த்துக் கண்ணை மூடினார்.

"அப்பாடா. படியேறினதுல உயிரே போயிடும்போல இருந்துச்சு. இப்பத்தான் மூச்சு வருது." பலகையைத் தடவிப் பார்த்தார். "என்ன ஒரு சாய்மானம்! யாரு செஞ்சது?"

"நான்தான் ஐயா," என்றார் அப்பா. அழுது வீங்கிய முகத்தோடு, ஒரு கணம் அவர் முதுகு நிமிர்ந்தது.

ஜெபம் தொடங்கியது. இந்த வீட்டில் எல்லாவற்றிலும் தேவனுக்கு முதலிடம் கொடுத்த சகோதரிக்காக ஸ்தோத்திரம் என்று போதகர் சொன்னார். எல்லோரும் தலைகுனிந்து ஆமென் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி மகளின் முழங்கையைத் தொட்டாள்.

"விடியறதுக்கு முன்னாலேர்ந்து நிக்கறியே. கொஞ்சம் சுவத்துல சாஞ்சுக்கயேன்."

அவள் தலையசைத்தாள். ஆனால் சாயவில்லை. சுவருக்கு ஒரு சாண் முன்னால், இரண்டு கைகளையும் லேசாகப் பின்னால் நீட்டி, உள்ளங்கைகளை விரித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.