பிரெஞ்சு வீட்டில் தலைக்கணக்கு

1981 பிப்ரவரி. கணக்கெடுக்க வந்த டீச்சர் மலர்க்கொடி, முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட கோவில்பத்தில் ஒரு வீட்டுக் கதவை மூன்றாம் நாளாகத் தட்டினார். உள்ளே ஆன்தோனெத் தாழ்ப்பாளை விடாமல் பிடித்துக்கொண்டாள். மக்கள்தொகைக் கணக்கில் பெயர் ஏறினால் பிரெஞ்சுக் குடியுரிமை பறிபோகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அடுத்த மாதம் பாரிஸில் மகளுக்குப் பிரசவம்; பாஸ்போர்ட் இல்லாமல் எப்படிப் போவது?

கதவை ஒரு விரற்கடை திறந்தாள்.

“நாங்க பிரெஞ்சுக்காரங்க. எங்கள எழுதாதீங்க!”

டீச்சர் சிரித்தார். “எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும், இங்க குடியிருந்தா எழுதணும்ங்க. அதனால உங்க பாஸ்போர்ட் எங்கயும் போயிடாது. நீங்க சொல்றத வெளிய காட்டவும் மாட்டோம்.”

“சத்தியமா?”

“சத்தியமா. வீட்ல எத்தன பேரு?”

ஆன்தோனெத் கொல்லைப்பக்கம் திரும்பிக் கத்தினாள்: “ஏங்க, ஒளிஞ்சது போதும், கக்கூஸ விட்டு வெளிய வாங்க! உங்களையும் எண்ணணுமாம்!”