நாலில் நின்ற ஏணி

1

ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கதையில் வரும் சங்கரேஸ்வரி நானில்லை. [இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.]

2

குற்றாலத்தில் சாரல் விழுந்த ஒரு காலையில்...

வேண்டாம். சாரலுக்குப் பின்னால் ஒளிகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன், பண்பொழி வயலில் காட்டுப்பன்றி பாய்ந்து மணிமுத்து செத்தார். முப்பது தப்படி தள்ளி அவருடைய அண்ணன் உச்சிமாகாளி, தன் அப்பா விட்டுப்போன பழைய பட்டாளத் துப்பாக்கியோடு நின்றார். ஒரே குண்டு. பன்றிக்கு மேலே போய்விட்டது.

"வரப்புத் தகராறுக்குத்தான தவற விட்டீரு, அத்தான்?" என்று மணிமுத்துவின் மனைவி மாரித்தாய் பிணத்தின் பக்கத்திலேயே கேட்டாள்.

உச்சிமாகாளி துப்பாக்கியைக் கொண்டுபோய் வீட்டு ஆணியில் மாட்டினார். அவர் மகள் சங்கரேஸ்வரியைப் பள்ளிக்கூடத்தில், "ஏட்டி, ஒங்கப்பனுக்குக் கண்ணு நொள்ளையா, மனசு நொள்ளையா?" என்றார்கள். ஏழாவதோடு நின்றுவிட்டாள். துப்பாக்கி ஆணியிலேயே தொங்கியது. யாரும் தொடவில்லை.

3

போன வாரம் உச்சிமாகாளி அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க முடிவுசெய்து, முதலில் உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்கத் தென்காசியில் துப்பாக்கி பழுதுபார்க்கும் மசூது பாயிடம் கொண்டுபோனார். மகளும் கூடப் போனாள்.

குழலின் மேல் ஏணி போல ஒரு தகடு நிமிர்ந்து நின்றது. அதில் எண்கள், ஏறி இறங்கும் ஒரு சட்டம்.

"இதென்ன, நாலுல நிக்கி?" என்றார் பாய்.

"அது சோடனைக்குன்னுல்லா நெனச்சேன்," என்றார் உச்சிமாகாளி. "கொழல் முனையில இருக்க முள்ளும் தகட்டுப் பள்ளமும் நேரா சேந்தா சுடணும். அம்புட்டுதான் எங்கய்யா சொன்னது."

"சோடனையா! நல்லாருக்கு வே. நாலுன்னா நானூறு கஜம். கிட்டத்துல சுடணும்னா தகட்ட மடக்கணும். இப்டியே முப்பது தப்படில சுட்டா ஒரு முழம் மேல போயிரும்."

அப்பா [உச்சிமாகாளி என்று திருத்த வேண்டும்] தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ, ஏத்தி வச்சது ஆரு?"

4

இந்த இடத்தில் சங்கரேஸ்வரி மேல் எனக்குச் சந்தேகம். பன்றி பாய்வதற்கு முன், ஒன்பது வயதில், அந்த ஏணியை நிமிர்த்திப் பொம்மையை ஏற்றியிருக்கலாம். நாலாவது படித்ததால் நாலில் நிறுத்தியிருக்கலாம். [மறந்தும் இருக்கலாம். மறக்கவில்லை.]

5

முதல் முடிவு: தாத்தா ஏற்றி வைத்தார். அப்பா அதைத்தான் நம்பி, மாரித்தாயிடம் போய்ச் சொன்னார். "செத்தவரு சாட்சிக்கு வருவாராக்கும்," என்று அவள் கதவைச் சாத்தினாள்.

இரண்டாவது முடிவு: சங்கரேஸ்வரி அந்தக் கதவைத் தட்டி,

மூன்று நாளாக இந்த வாக்கியம் இப்படியே நிற்கிறது. எனக்கு வாய் வராது. நோட்டை, நீங்கள் சாத்திய அந்தக் கதவோரம், உங்கள் பால் வாளியின் மேல் வைக்கிறேன். வாசிக்கிறது நீங்கள்தானே, சித்தி? முதல் பத்தியில், நான் இரண்டு தடவை அடித்த அந்த வரியை அடித்துவிடுங்கள். முடிவை அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள்.