படத்துக்கு முன் ஒரு சூடம்

“என்னையக் கேக்காம எப்புடி வாக்கு குடுத்தீங்க?”

தலைவாரிக்கொண்டிருந்த நீலாவதியின் சீப்பு பாதியில் நின்றது. கட்டில் ஓரத்தில் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் திருச்செல்வம் நிமிரவில்லை.

“கோயில் செயலாளரு நான்லா. எல்லாரும் கேட்டா என்னா செய்றது? யோகேஸ்வரி அக்கா படத்தொறப்பு முடிஞ்சதும் முனியாண்டி சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றான். வேலாயி போலீசு ரிப்போட்ட மீட்டுக்கும், நீயும் ஒன் வாக்குமூலத்த மீட்டுக்கோ.”

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கோழி காணாமல் போனாலும் சூடம், ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாலும் சூடம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வழக்குக்கு ஒரே சூடம், மறுபடி ஏற்றக் கூடாது. அதுவும் ஆண்கள் போட்ட சட்டம்தான்.

பத்தொன்பது வருஷம் யோகேஸ்வரி அக்கா இந்தச் சூடத்தோடு மல்லுக்கு நின்றாள். சம்பளம் இல்லாத தொண்டு. பிள்ளைகளின் பள்ளிப் பைக்குள் தன் நம்பரை எழுதி வைப்பாள். யார் கூப்பிட்டாலும் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து, நேரே போலீசுக்குப் போவாள். அதற்காகவே திருவிழாவில் அவளுடைய அர்ச்சனைத் தட்டைக் கோயில் கமிட்டி வாங்காது.

கடைசியாகக் கூப்பிட்டது வேலாயியின் மகள் குமுதா. வயது பன்னிரண்டு. பள்ளி வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை. வேன் ஓட்டும் முனியாண்டி செய்ததை நீலாவதியின் சமையலறையில் உட்கார்ந்துதான் சொன்னாள். கேட்ட அக்காவையும் நீலாவதியையும் அன்றைக்கே காரில் ஏற்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டவன் இதே திருச்செல்வம். மூன்றாம் வாரம் அக்கா மாரடைப்பில் போய்விட்டாள். இனி சாட்சி நீலாவதி ஒருத்திதான். ஊரே எதிர்த்து நின்றிருந்தாலும் தாங்கியிருப்பாள். காரில் கொண்டுபோய் விட்டவனே கழுத்தறுப்பான் என்று அவள் நினைக்கவில்லை.

கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. கமிட்டித் தலைவர் சிவசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நம்ம புள்ளைங்களுக்கெல்லாம் தாயா இருந்தவங்க,” என்றார். அக்காவின் படத்துக்கு முதல் மாலை போட்டவன் முனியாண்டி. குமுதா தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பூசாரி சின்னையா தட்டில் சூடம் ஏற்றிப் படத்துக்கு முன் வைத்தார். முனியாண்டி கைலியை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அதற்குள் நீலாவதி எழுந்து குறுக்கே போய் நின்றாள்.

“தலைவரே, சூடம் அணைச்சுச் சொன்னா நம்புவீங்கதானே?”

“அம்மன் சன்னிதிலா இது. நம்பாம?”

அவள் ஓங்கி அடித்தாள். தீ உள்ளங்கையில் ஏறி அணைந்தது.

“குமுதா சொன்னத நானும் அக்காவும் காதால கேட்டோம். போலீசுல சொன்னதத்தான் கோர்ட்லயும் சொல்லுவேன். அம்மன் மேல சத்தியம்.”

சிவசாமிதான் முதலில் சுதாரித்தார்.

“சின்னையா, இன்னொரு சூடம் ஏத்துய்யா!”

பூசாரி தட்டைப் பார்த்தார். பிறகு வேலாயியின் பின்னால் ஒளிந்திருந்த பிள்ளையைப் பார்த்தார்.

“ஒரு வழக்குக்கு ஒரு சூடந்தான் தலைவரே. நீங்க வச்ச சட்டந்தானே.”

வேலாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “ரிப்போட்ட நான் மீட்டுக்கலிங்க,” என்றாள்.

வாசலில் திருச்செல்வம் நீலாவதியை மறித்தான். “என் மானத்த வாங்கிட்டியே. நான் குடுத்த வாக்கு என்னாவுறது?”

“அது ஒங்க வாக்கு. நீங்களே போயி மீட்டுக்குங்க.”

அவள் வீட்டுக்குப் போகவில்லை. வேலாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து குமுதாவின் பள்ளிப் பையைத் திறந்தாள். வலது கை கொப்பளித்திருந்தது. இடது கையால், கோணல்மாணலாக, அக்காவின் நம்பருக்குக் கீழே தன் நம்பரை எழுதினாள்.