பத்துக்கு ரெண்டு

வேடியப்பனைச் சூதாடி என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று தெரியாமல் பணம் கட்டுகிறவன்தான் சூதாடி. அவரோ ஜெயிக்கப்போகிற குதிரைமேல் மட்டுமே கட்டுகிறவர். இரண்டும் ஒன்றாகுமா?

ஜவ்வாது மலையில், ஒடுகத்தூருக்கு மூன்று மணி நேரம் இறங்கி நடக்க வேண்டிய சிற்றூர் அவருடையது. சாமை விதைப்பார். வருஷா வருஷம் ஊர்ப்பொதுப் புளியமரங்களை ஏலத்தில் எடுத்து, பழம் உலுக்கி விற்பார். ஜாக்கிரதைக்காரர் என்று பெயர். சந்தையில் ஒரு மண்வெட்டி வாங்கப் போனால் கடைக்காரனுக்குத் தலைவலி வந்த பிறகுதான் வாங்குவார்.

இப்படிப்பட்டவருக்கு எழுபத்திரண்டாம் வருஷம் மார்கழியில் கண்ணாயிரம் பழக்கமானான். ஒடுகத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். பஞ்சர் ஒட்டுவது வெளியே தெரிந்த தொழில். கிண்டி ரேஸுக்குப் பணம் வாங்குவது உள்ளே நடந்த தொழில்.

"எல்லாரும் ஜெயிக்கும்னு சொல்ற குதிரைண்ணே" என்று ஒருநாள் பேப்பரைக் காட்டினான். "விலை கம்மி. பத்து கட்டுனா, ஜெயிச்சா பத்தும் திரும்பி வரும், மேல ரெண்டு வரும். அவ்ளோதான்."

"தோத்துப் போனா?"

"பத்தும் போச்சி. ஆனா இந்தக் குதிரை எங்கண்ணே தோக்கப் போவுது?"

வேடியப்பன் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஐம்பது ரூபாய் கட்டினார். மறு சனிக்கிழமை அறுபதாக வந்தது. அடுத்த வாரமும் வந்தது. ஏழு வாரம் பிசகாமல் வாரம் பத்து ரூபாய் வந்தது. எட்டாவது வாரத்துக்குள் அவர் நடை மாறிவிட்டது. பக்கத்து வீட்டு அருணகிரி ஒருநாள் ஆசையாகக் கேட்டான்.

"மாமா, ஒண்ணுக்கு இருபது தர்ற குதிரைகூட இருக்குதாமே?"

"அதுக்குப் பேரு பேராசைடா" என்றார் வேடியப்பன். "நாம புடிச்சிருக்கிறது புளியங்கொம்பு."

அவருடைய மனைவி சம்பூர்ணம் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"புளியங்கொம்புதான். ஒடியாதுதான். ஆனா ஒத்தப் புளியம்பழத்துக்கு எவனாச்சும் உச்சிக்கொம்புக்கு ஏறுவானா?"

"விழமாட்டேன்டீ. அதைத்தானே சொல்றேன்."

"விழுந்தா?"

"விழமாட்டேன்னா விழுந்தா இன்னாங்கிற பேச்சு எங்க வருது?"

"அஞ்சு வாரம் ஜெயிச்சது ஒரு வாரத்துல போயிடும். அது வருது."

பொம்பளைக்குக் கணக்கு வராது என்று அவர் முடிவு செய்தார்.

மாசி பிறந்தது. திங்கட்கிழமை புளியமர ஏலம். ஏலம் எடுத்தவுடன் கட்டுவதற்காக எண்ணூறு ரூபாய் தகரப் பெட்டியில் இருந்தது. இருவரும் ஒரு வருஷமாகச் சேர்த்த பணம். அந்தச் சனிக்கிழமை கிண்டியில் 'கோல்டன் லெட்டர்' என்றொரு குதிரை ஓடப்போவதாகவும், அதுவரை ஓடிய ஆறு பந்தயத்திலும் ஜெயித்ததாகவும் பேப்பரில் போட்டிருந்தது. விலை வழக்கம்போலப் பத்துக்கு ரெண்டு. சனிக்கிழமை கட்டினால் திங்கட்கிழமை ஏலத்துக்கு எண்ணூறும் இருக்கும், மேலே நூற்றறுபதும் இருக்கும். இவ்வளவு சுலபமான காரியத்தைச் செய்யாமல் விடுவதுதான் அஜாக்கிரதை என்று அவருக்குத் தோன்றியது. புளி விலை விசாரிக்க வேலூர் போவதாகச் சம்பூர்ணத்திடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமையே பணத்தோடு இறங்கினார்.

தொகையைப் பார்த்த கண்ணாயிரம் பின்வாங்கினான். "வேணாம்ண்ணே. பெரிய துட்டு. ரோசனை பண்ணுங்க."

"உனக்கு பயமா இருந்தா சொல்லு. நானே கிண்டிக்குப் போய்க் கட்டிக்கறேன்."

"அங்க கட்டுனா வரி புடிச்சிக்குவான். சரி, குடுங்க. உங்க இஷ்டம்."

குதிரை ஜெயிப்பதை நேரில் பார்க்காவிட்டால் எப்படி? காட்பாடியில் ரயில் ஏறி மெட்ராஸ் போனார். ரயில், மின்சார ரயில், உள்ளே போக டிக்கெட், ஒரு தோசை, தப்பான இடத்தில் இறங்கி ஏறிய பஸ் எல்லாம் சேர்த்து, இரண்டு வாரம் ஜெயித்த காசு குதிரையைப் பார்ப்பதற்கு முன்பே செலவாகிவிட்டது.

கோல்டன் லெட்டரை நடத்திக்கொண்டு போனபோது வேடியப்பனுக்கு நெஞ்சு விம்மியது. எண்ணெய் தேய்த்தாற்போன்ற உடம்பு. மற்ற குதிரைகள் அதன் பக்கத்தில் வேலைக்காரர்களைப்போல நடந்தன. அவர் பக்கத்தில் நின்ற ரிக்‌ஷாக்காரர் கேட்டார்.

"எதுல போட்டிருக்கே நைனா?"

"கோல்டன் லெட்டர். எண்ணூறு."

ரிக்‌ஷாக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வந்தா எவ்ளோ?"

"நூத்தி அறுபது."

"அடேங்கப்பா" என்றார். அது எதற்குச் சொன்னது என்று வேடியப்பனுக்குப் புரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "நான் 'பிங்க் சாரி'ல ரெண்டு ரூவா போட்டேன். போனா ஒரு சவாரி காசு" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

குதிரைகள் கிளம்பின. கோல்டன் லெட்டர் முன்னால்தான் வந்தது. கடைசி வளைவு வரைக்கும் முன்னால்தான் வந்தது. அதன் பிறகு அதற்கு என்ன நினைப்பு வந்ததோ, அவசரமில்லாதவர்போல ஓடத் தொடங்கியது. ஒரு குதிரை தாண்டியது. இன்னொன்று தாண்டியது. கால் உடையவில்லை, தடுக்கி விழவில்லை, யாரும் மருந்து வைக்கவில்லை. சும்மா தோற்றது. மூன்றாவதாக வந்து, மூக்கை உதறிக்கொண்டு நின்றது. பிங்க் சாரி ஜெயித்த சந்தோஷத்தில் ரிக்‌ஷாக்காரர் வேடியப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேடியப்பனுக்கு அழுகை வந்தது. ரிக்‌ஷாக்காரர் அதையும் சந்தோஷம் என்று நினைத்து அவர் முதுகில் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சைக்கிள் கடைக்கு வந்து நின்றார். கண்ணாயிரம் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் பணத்தைக் கிண்டியில யார்கிட்ட கட்டினே? அந்த ஆளைப் பார்த்துப் பேசுனா பாதியாவது..."

"நான் எங்கண்ணே கிண்டிக்குப் போனேன்?"

"அப்ப என் பணம்?"

"எங்கிட்டதான் இருக்குது. ஆரம்பத்துலேர்ந்து எல்லாமே எங்கிட்டதான் இருந்துது." டியூபைத் துடைத்தான். குரலில் வன்மம் இல்லை, வியாபாரம்தான் இருந்தது. "நீங்க குதிரைமேல கட்டினீங்க. நான் உங்கமேல கட்டினேன். வாரம் பத்து ரூவா, ஏழு வாரம். எழுபது ரூவா எனக்குச் செலவு. இந்த ஆளு என்னைக்காவது பெரிசா கொண்டாருவாருன்னு காத்திருந்தேன்."

"குதிரை ஜெயிச்சிருந்தா?"

"நூத்தி அறுபது தந்திருப்பேன். ரெண்டு மாசம் பஞ்சர் ஒட்டியிருப்பேன். வேணாம்னு வேற சொன்னேனே, ஞாபகமில்லையா?"

வேடியப்பன் மலையேறி வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் திருடன், ஜேப்படி என்று பலவிதமாகக் கதை கட்டிப் பார்த்தார். சம்பூர்ணம் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. உண்மையைச் சொன்னார். அவள் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள்.

"எண்ணூறையும் வச்சியா?"

"ஜெயிக்கிற குதிரைடீ அது..."

"மண்ணுல பொரண்டு நீ சாமை விளைவிச்ச பணம்யா அது. நான் ரவிக்கை எடுக்காம வச்ச பணம்" என்றாள். அதற்குமேல் அவள் கத்தவில்லை. கத்தினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

திங்கட்கிழமை ஏலத்தில் மரங்களை மங்கம்மாள் எடுத்தாள். கீழ்க்கொல்லை விதவை. வேடியப்பன் போட்டிக்கு இல்லாததால் எழுநூறுக்கே முடிந்தது. அந்த வருஷம் காய்ப்பு கம்மி, பழம் தேறுமா என்று ஊரே சந்தேகப்பட்டது. அவளுக்கும் சந்தேகம்தான். "வந்தா ரெண்டாயிரம், போனா எழுநூறு. எடுத்துத்தான் பார்ப்போமே" என்றாள். பழம் தேறியது.

பங்குனி முழுக்க வேடியப்பனும் சம்பூர்ணமும் அவளிடம் கூலிக்கு உலுக்கினார்கள். களத்தில் ஓடு உடைக்கும்போது அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"கணக்குல தப்பில்ல மங்கம்மா. நூத்துக்கு எம்பது தடவை அந்தக் குதிரைதான் ஜெயிக்கும். அன்னைக்கு இருபதுல மாட்டிக்கிச்சி. அடுத்த தடவை எல்லாத்தையும் ஒண்ணுலயே வைக்காம, ஜெயிக்கிற குதிரையா ரெண்டு பார்த்து..."

மங்கம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொட்டையைக் கூடையில் போட்டாள். சாயங்காலம் கூலி கொடுக்க வந்தபோது வேடியப்பன் கையை நீட்டினார்.

"இங்க குடு" என்றாள் சம்பூர்ணம், அவர் கைக்கு முன்னால் தன் முந்தானையை விரித்து. "இன்னையிலேர்ந்து அந்தாளு கூலியும் எங்கையிலதான்."

மங்கம்மாள் ஒரு கணம் வேடியப்பனைப் பார்த்தாள். பிறகு காசை முந்தானையில் போட்டாள்.