ஐந்தாம் நாள் மாவு

முழங்கால் வரை ஓடையில் நின்று சனம்பர் கூடையை இழுத்தாள். அது அசைவதாக இல்லை. அம்மா அடுக்கிய கற்கள் அப்படியே அதன்மேல் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளினாள். மலைத்தண்ணீரில் பாதம் மரத்துப்போய், எது கல், எது தன் கால் என்றே தெரியவில்லை.

"விடுக்கா! அத அப்படியே தண்ணியோட விட்டுடு!" கரையிலிருந்து அவள் தம்பி கியூமர்ஸ் கத்தினான். நகரத்து ஷூவில் சேறு பட்டுவிடக் கூடாதென்று ஒரு பாறைமேல் ஏறி நின்றிருந்தான்.

"நீ எறங்கி வந்து பிடுங்கி விடு, பாப்போம்."

"வெளையாடாதக்கா. என் மாமனார் கிளம்பிட்டாராம். ரெண்டு மணி நேரத்துல இங்க இருப்பாரு. இந்த நேரத்துல போயி இத..."

"இதன்னா எத? பேரச் சொல்லு. வாய் வெந்துடாது."

அவன் பேரைச் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போய்ப் பதினைந்து வருஷத்தில் மறக்க வேண்டியதையெல்லாம் சுத்தமாக மறந்திருந்தான், புண்ணியவான்.

கூடையில் இருந்தது பலூத் மாவு. பலூத் என்றால் அந்தச் சரிவு முழுக்க நிற்கிற ஓக் மரம். அதன் கொட்டையை உடைத்து, பருப்போடு ஒட்டியிருக்கும் செந்தோலை உரித்து, இடித்து, துணியில் கட்டி, ஓடுகிற தண்ணீரில் ஏழு நாள் போட வேண்டும். ஆட்டுத்தோலைப் பதப்படுத்துகிற அதே கசப்பு அதில் உண்டு. தண்ணீர்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போகும். அதற்கப்புறம்தான் ரொட்டி சுடலாம். அம்மா நாஸ்தாஜ் சனிக்கிழமை போட்டாள். திங்கட்கிழமை, கூடை நகர்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தவள் இதே கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. இன்றைக்குப் புதன். அவள் போய் மூன்றாம் நாள், மாவுக்கு ஐந்தாம் நாள்.

அவள் அதைப் போட்டதே வீம்புக்குத்தான். பத்து நாளுக்கு முன்னால் கியூமர்ஸ் இஸ்ஃபஹான் நகரத்திலிருந்து போன் செய்தான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாமனார் முதல் தடவையாக மலைக்கு வருகிறாராம். "சோறு போடு, கறி போடு. அந்தக் கறுப்பு ரொட்டிய மட்டும் கண்ணுல காட்டிடாதம்மா. கம்பள வியாபாரி, பெரிய எடம். நம்மள பலூத்தின்னிங்கன்னு நெனச்சிடுவாரு" என்றான். "சரிப்பா" என்று அம்மா போனை வைத்தாள். வைத்த கையோடு மூலையில் கிடந்த சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு கொட்டை உடைக்க உட்கார்ந்தாள்.

"நெனைக்கிறதென்னடி, தின்னவங்கதானே நாம?" என்றாள் சனம்பரிடம். "பனி விழுந்து ரெண்டு மாசம் வழி அடைச்சுக் கெடந்தப்ப இவன் வயித்துக்குள்ள என்ன போச்சாம்? பாதாம் அல்வாவா?"

அப்படிப்பட்டவள் போட்ட மாவைத்தான் இவன் தண்ணீரோடு விடச் சொல்கிறான். சனம்பர் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தம்பியைத் திரும்பியும் பார்க்காமல் மேட்டில் ஏறினாள். சொட்டுகிற தண்ணீர் கறுப்பு உடுப்பில் வழிந்து முதுகு முழுக்க நனைந்தது.

வீட்டு முன்னால், மூன்றாம் நாள் துக்கத்துக்கு வரும் ஆண்களுக்கான கூடாரம் போட்டாகிவிட்டது. பின்பக்கம், பலூத் மரத்தடியில் பெண்கள் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ரோடு போட வந்தவர்கள் ஒரு காலத்தில் தரையோடு அறுத்துவிட்டுப் போன மரம் அது. அடுத்த வசந்தத்திலேயே அடிக்கட்டையிலிருந்து முளைவிட்டு, இப்போது எட்டுத் தண்டாக நின்றது. இலையின் ஓரமெல்லாம் முள்பற்கள், அடிப்பக்கம் கம்பளி ஒட்டினாற்போல் சாம்பல் பூத்திருந்தது. ஒரே கிளையில், போன வருஷம் பூத்தது கட்டை விரல் தடிமனுக்குப் பழுத்துத் தொங்கியது. இந்த வருஷம் பூத்தது மிளகளவு பிஞ்சாகப் பக்கத்திலேயே இருந்தது. "நமக்குப் பத்து மாசம், இவளுக்கு ரெண்டு வருஷம், பாவம்" என்று அம்மா ஒவ்வொரு இலையுதிர்காலமும் தவறாமல் சொல்லிச் சிரிப்பாள்.

சனம்பர் துணி முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்தாள். நாக்கு சுருண்டுகொண்டது. ஈறெல்லாம் இறுகியது.

"என்னடி, மூஞ்சி இப்படிப் போகுது?" குல்அந்தாம் அத்தை, அப்பாவின் தங்கை, சோற்றுக் கரண்டியோடு வந்தாள். தானும் தொட்டு வாயில் வைத்தாள். உடனே தூவென்று துப்பினாள். "ஐயோ, வேணாம்டி கண்ணு. இன்னும் ரெண்டு நாள் கெடக்கணும். நாஸ்தாஜ் வீட்டு ரொட்டி கசந்துச்சுன்னு இந்தப் பள்ளத்தாக்குல ஒருத்தி ஒரு நாள் சொன்னதில்ல. அவ காப்பாத்தின பேர நீ கெடுக்காத. ஏழாம் நாள் சடங்குக்குச் சுட்டுப் போடலாம்."

"ஏழாம் நாளுக்குத் தம்பி மாமனார் ஹாஜி வரமாட்டார், அத்தை."

"வராட்டிப் போறாரு."

"அவருக்காகத்தானே அம்மா இதப் போட்டா?"

மாவைத் தொட்ட சனம்பரின் விரல்களையே அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். பலூத் தோலும் இரும்புக் கத்தியும் சேர்ந்தால் கறுப்புச் சாயம். திங்கட்கிழமை உடம்பைக் கழுவியபோது அம்மாவின் பத்து விரல் நுனியும் மைக்கூட்டில் தோய்த்ததுபோல் இருந்தன. அத்தை சோப்பு போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். "இது போகாதுடி, விட்டுடுவோம்" என்று கடைசியில் அத்தையே அழுதுவிட்டாள். அந்த விரல்களோடுதான் அவளை மண்ணில் வைத்தார்கள்.

தப்பான ரொட்டியைப் போட்டால் செத்தவளுக்கு அவமானம். போடாவிட்டால் அவள் கடைசியாகச் செய்த காரியம் வீண். இரண்டில் எது பெரிய பாவம் என்று யாரிடம் போய்க் கேட்பது? கேட்க வேண்டியவளே போய்விட்டாளே.

"கசக்கட்டும்," என்றாள் சனம்பர். "இன்னிக்கு இனிச்சாத்தான் தப்பு."

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். "தள்ளு அந்தப் பக்கம். தனியா எத்தன சுடுவ?" என்று பக்கத்தில் உட்கார்ந்து உருண்டை பிடித்தாள். இரும்புக் கல்லில் ரொட்டிகள் ஒவ்வொன்றாகக் கறுத்து வெந்தன.

கார்கள் வந்தன. ஊதுகுழல்காரன் ஒப்பாரி மெட்டை எடுத்தான். பெண்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு ஓவென்று அழுதார்கள். கியூமர்ஸ் மாமனாரைத் தோளில் முத்தமிட்டுக் கூடாரத்துக்குள் நடுநாயகமாக உட்கார வைத்தான். நரைத்த குறுந்தாடி, வழுவழுப்பான கை. மனிதர் உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தார்.

சாப்பாட்டு விரிப்புகள் விரிந்தன. சோறும் கறியும் போனபின் மீர்ஸா சித்தப்பா ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். கியூமர்ஸ் கண்ணால் எவ்வளவோ சாடை காட்டினான். அவர் கவனித்தால்தானே! வரிசையாக எல்லார் முன்னாலும் வைத்துக்கொண்டே போனார். சனம்பர் கூடாரத்துணியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாவு ஏழு நாள் ஊறவில்லை என்று முதல் கவளத்திலேயே பள்ளத்தாக்கு ஆட்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மென்றார்கள்.

ஹாஜி ரொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன ரொட்டி, மாப்பிள்ளை? தீஞ்சு போச்சா?"

"அது... அது ஆடுங்களுக்குப் போடறது, ஹாஜி. யாரோ தெரியாம எடுத்து வெச்சிட்டாங்க. நீங்க கீழ வையுங்க."

கூடாரத்தில் நாற்பது ஆண்கள் அந்த ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெல்லுகிற சத்தம் நின்றது. மீர்ஸா சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

சனம்பருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறிவிட்டு, மிச்சமிருந்த ரொட்டித் தட்டோடு ஆண்கள் கூடாரத்துக்குள் நுழைந்தாள். செருப்பைக் கழற்றக்கூட நினைவில்லை. நேராகப் போய் ஹாஜியின் முன்னால் நின்றாள்.

"ஹாஜி, நான் இவன் அக்கா. இது ஆட்டுக்குப் போட்டதில்ல. உங்களுக்குப் போட்டது. நீங்க வர்றீங்கன்னுதான் எங்கம்மா இத நனைய வெச்சா. அத ஒரு எட்டுப் பாக்கப் போன எடத்துலதான் செத்தா. இத நாங்க தின்னு வளந்தோம். இவனும்தான். பிடிக்கலன்னா தாராளமா வெச்சிடுங்க, எங்களுக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா இன்னதுன்னு தெரிஞ்சு வையுங்க."

ஹாஜி அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். அவர் முகம் கோணியதை எல்லாரும் பார்த்தார்கள். தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

"கசக்குதேம்மா."

"கசக்கும்."

அவர் இன்னொரு துண்டைப் பிய்த்தார்.

சனம்பர் விரிப்பைச் சுற்றி நடந்தாள். காலியான கைகளில் எல்லாம் ரொட்டி வைத்தாள். கியூமர்ஸ் என்ன நினைத்தானோ, அவள் அருகே வந்தபோது அவனும் கையை நீட்டினான். அவள் நிற்கவில்லை.

"உனக்கெதுக்கு? நீ ஆடு இல்லையே."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். கியூமர்ஸின் காது சிவந்தது. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் அப்படியே வைத்திருந்தான். ஹாஜி தன் ரொட்டியில் பாதியைக் கிழித்து அந்தக் கையில் வைத்தார்.

அவன் வெகுநேரம் மென்றான். சனம்பர் தட்டும் கையுமாக வாசலில் நின்றாள். போகவும் மனமில்லை, இருக்கவும் மனமில்லை.

"ரெண்டு நாள் முந்தி எடுத்துட்ட, அக்கா." இஸ்ஃபஹான் பேச்சில் இல்லை, அசல் ஓடைக்கரைப் பேச்சில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். "ஏழு நாள் கெடக்கணும்ல?"

"நானாடா முந்தினேன்?" என்றாள் சனம்பர். "உங்கம்மாதான் ரெண்டு நாள் முந்திப் போயிட்டா."

அவன் மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டான். அவள் வெறுந்தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். கல்லில் இன்னும் நாலு ரொட்டி கிடந்தது. ஒரு பக்கம்தான் வெந்திருந்தது.