எட்டாவது வட்டம்

மூடி போடும் மிஷினில் இருந்தவள் கழிவறைக்குப் போயிருந்தாள். அவள் இடத்தில் பௌர்ணமி நின்றாள். பெல்ட்டில் இருமல் மருந்து பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூடி சரியாக உட்காராத பாட்டிலை அவள் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. மிஷின் தரும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதற்குள் லேபிள் மிஷினிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"பௌர்ணமி, இங்க கொஞ்சம் வாயேன். பேப்பர் சுத்திக்கிச்சு."

"இவ வரட்டும் இரு. எனக்கு இருக்கிறது ஒரு உடம்புதான்."

பௌர்ணமி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. இடது ஓரம் இருபது பெண்களின் பெயர்கள், மேலே மிஷின்களின் பெயர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் நான்காகப் பிரித்த ஒரு வட்டம். கால் பாகம் கறுத்திருந்தால் கற்றுக்கொண்டிருக்கிறாள். அரை என்றால் துணையோடு செய்வாள், முக்கால் என்றால் தனியாக. முழுவட்டம் என்றால் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவாள். பதினோரு வருடத்தில் ஏழு மிஷினுக்கும் முழுவட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அதனால் பௌர்ணமி. பெட்டி மடிக்கும் மேசையில் இருந்த அவளுடைய தோழிக்கு மொத்தமே மூன்று கால்வட்டங்கள்.

"நான் அமாவாசைக்கு மறுநாள்," என்பாள் தோழி. "அதுவும் மேகமூட்டம்."

எட்டாவது வட்டம் போன வருடம் வந்தது. மருந்து வாங்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதற்கு முதல்நாள், சூப்பர்வைசர் பலகையில் புதிதாக ஒரு வரிசை போட்டார். லேபிள் ஒட்டி, பெட்டி மடித்து, பாட்டிலை உள்ளே தள்ளி மூடுவதுவரை தானாகச் செய்யும் மிஷினுக்கான வரிசை அது. மிஷினுக்கு அப்போது ஆர்டர்தான் கொடுத்திருந்தார்கள்.

"வரிசை முழுக்கக் காலியா இருந்தா வர்றவங்க கேள்வி கேப்பாங்கம்மா," என்று மார்க்கரை அவளிடம் நீட்டினார். "உன் பேருக்கு நேரா மட்டும் ரொப்பிடு."

"மிஷினே வரலையே சார்."

"வந்தா நீதான ஓட்டப்போற."

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. கோடு தாண்டாமல் நிதானமாக நிரப்பினாள்.

இப்போது மிஷின் வந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பக்கத்துக் கூடத்தில் நின்றது. காலை ஷிப்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு வாரம் பயிற்சி. சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டும் புது மிஷினில் இடம். மீதி எட்டுப் பேர் இரண்டாவது யூனிட்டுக்கு.

அவள் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டுமுறை படித்தாள். மூன்றாவதாகத் தோழியின் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

"எழுதுறப்ப விட்டுப்போயிருக்கும்," என்றாள் தோழி. "உன்னை விட்டுட்டு என்னை எடுப்பாங்களா? இதை வெளியில சொன்னா நானே சிரிச்சுடுவேன்."

இரண்டாவது யூனிட் ஊருக்கு வெளியே. இரண்டு பஸ் மாறி, விடியுமுன் கிளம்ப வேண்டும். அங்கே மிஷினே கிடையாது, எல்லாம் கையால் அடைப்பது. சர்க்கரை நோயில் வலதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்த புருஷனை அவள் தினமும் ஆறு மணிக்கு எழுப்பிக் குளிப்பாட்டி, கட்டு மாற்றி, ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் ஏழு மணிக்குப் புறப்படுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு ஆள் இல்லை.

மதியம் எச்.ஆர். அறைக்குப் போனாள். சூப்பர்வைசரும் அங்கே இருந்தார். எச்.ஆர். மேடம் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். பலகையில் இருந்த வட்டங்கள் எல்லாம் திரையில் வரிசையாக இருந்தன.

"விட்டுப்போகலைம்மா. புது மிஷின்ல உங்களுக்கு ஃபுல் மார்க் இருக்கு. ட்ரெயினிங் தேவையில்லைன்னு சிஸ்டமே எடுத்துடுச்சு. ட்ரெயினிங் இல்லாம சான்றிதழ் இல்ல, அதான் ரெண்டாவது யூனிட்."

"நான் அந்த மிஷினைத் தொட்டதுகூட இல்லைங்க மேடம்."

"அப்ப இது யார் போட்டது?"

"நான்தான் போட்டேன்."

மேடம் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "தெரியாத வேலையைத் தெரியும்னு ரெக்கார்டுல போட்டா என்ன ஆகும்னு தெரியுமில்ல? மெமோவோட நிக்காது. நீங்களா போட்டீங்களா, யாராவது சொன்னாங்களா?"

அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"தொட்டதில்லைன்னு சும்மா சொன்னேங்க," என்றாள். "பதட்டத்துல."

"பயப்படாதீங்க. மாற்றம்னா முதல்ல அப்படித்தான் இருக்கும். அந்த யூனிட்டுக்கும் உங்களை மாதிரித் திறமையானவங்க வேணும்."

வெளியே நடையில் சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார்.

"நான் வாயத் திறந்தா என் தலையும் சேர்ந்து உருளும்மா. ரிட்டயராக இன்னும் நாலு வருஷம்தான் எனக்கு."

"எனக்குப் பதினாலு வருஷம் இருக்கு சார்."

அவர் மணியைப் பார்த்துவிட்டுப் போனார்.

பயிற்சி வாரத்தில் பழைய லைனில் எட்டுப் பேர்தான். பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து வந்தவன் பக்கத்துக் கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் பேசிக்கொண்டிருந்தான். இந்தப்பக்கம் பௌர்ணமி மூன்று மிஷினுக்கு நடுவே நடந்தாள். நான்காம் நாள் பாதம் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. வீட்டில் புருஷன் கேட்டார்.

"பேசிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"எனக்கு எல்லாம் தெரியுமாம்."

அவர் சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இடைவேளைகளில் தோழி ஓடிவந்து சந்தேகம் கேட்டாள். பெட்டி மூலையில் ஏன் கிழிகிறது, பசை ஏன் வழிகிறது. மிஷினைப் பார்க்காமலே பௌர்ணமி சொல்லிக்கொடுத்தாள். அட்டை ஈரம் வாங்கியிருக்கும், அட்டைக் கட்டை முதல்நாளே பிரித்துக் காற்றாட வை. அது சரியாக இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு மாற்றல் கடிதம் கொடுத்தார்கள். வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூடி மிஷினுக்குத் திரும்பினாள். அரைமணி கழித்து எச்.ஆர். மேடம் லைனுக்கே வந்தாள். கையில் தடித்த தாளில் அச்சடித்த சான்றிதழ்கள்.

"வெளியாள் கையெழுத்து மட்டும் போதாதாம்மா. உள்ளே சொல்லித்தர்ற தகுதி இருக்கிற ஒருத்தரும் போடணும். ரெக்கார்டுல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. மேலேருந்து போட்டோ கேட்டுட்டு நிக்கிறாங்க, கொஞ்சம் சீக்கிரம்."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பன்னிரண்டு பேரும் புது மேல்கோட்டு மாட்டி, உயரவாரியாக நின்றிருந்தார்கள். தோழி மட்டும் தலையைத் திருப்பி வேறு பக்கம் பார்த்தாள்.

பௌர்ணமி மிஷினை நிறுத்தவில்லை. ஒரு காது அதன் மேல் இருந்தது. எழுத மேசை இல்லாததால் காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்தாள். அதன் நடுவில் மடிப்பு மேடு இருந்தது. பேனா முனை தாளைக் கிழித்துவிடுமே என்று இடுப்பிலிருந்த கடிதத்தை எடுத்து, பிரித்து, அடியில் விரித்துக்கொண்டாள்.

"பேருக்குக் கீழே பயிற்சியாளர்னு போடுங்க," என்றாள் மேடம்.

ஒவ்வொன்றாக எழுதினாள், கோணாமல், கோடு தாண்டாமல். மூன்றாவது தோழியுடையது. பன்னிரண்டும் முடிந்து மேடம் அள்ளிக்கொண்டு போனபின், மாற்றல் கடிதம் அட்டைப்பெட்டி மேலேயே கிடந்தது. அதில் அவள் பெயரும் அதன் கீழே பயிற்சியாளர் என்பதும் மையில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தியிருந்தன. மிஷினில் ஒரு மூடி சரியாக உட்காராத சத்தம் கேட்டது. அவள் கையை நீட்டி அந்தப் பாட்டிலை எடுத்தாள்.